சமாதான ஸ்க்ரூ

அன்புள்ள மாப்பிள்ளை தணிகாசலத்துக்கு,

'மாப்பிள்ளை' என்று ஆரம்பித்ததுமே நீ சிரிப்பது எனக்குத் தெரிகிறது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாடத்தில் பெயிலான நம்மை, என் தங்கை மல்லிகாவின் கழுத்தில் நீ தாலி கட்டிய அன்று எங்க அப்பா பிரித்துவிட்டார். "இனிமே அவரை வாடா போடான்னு கூப்பிடாதே, வீட்டு மாப்ளே" என்றார். அன்றிலிருந்து வீட்டில் "வாங்க மாப்ளே", பட்டறையில் "எங்கடா போய்த் தொலைஞ்ச" என்று இரண்டு நாக்கோடு காலம் தள்ளினேன். இதைப் பட்டறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஆகவே மரியாதையை எதிர்பார்க்காதே.

ஊர்ப் பட்டறைக்காரர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்கள். மறைந்த உன்னைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். உன்னைப் பற்றி எழுதினால் பொய் வரும். உனக்கே எழுதினால் சண்டை வரும். சண்டையே மேல் என்று தோன்றியது. படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

முதலில் ஊர்ச் சேதி. வேங்கிக்கால் ரோட்டை அகலப்படுத்திவிட்டார்கள். நம் பட்டறையின் முன்பக்கத் தகரம் போய்விட்டது, வெயில் இப்போது லேத் வரைக்கும் வருகிறது. பௌர்ணமிக் கிரிவலக் கூட்டம் நீ இருந்த காலத்தைவிட ஜாஸ்தி. அன்றைக்கு பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடுவதால் வேலூரிலிருந்து ஒரு ஆயில் சீல்கூட வரவழைக்க முடியாது. போர் வண்டிகள் முன்னைவிட ஆழமாகத் துளைக்கின்றன, தண்ணீர்தான் வருவதில்லை. என் முட்டி இரண்டும் போய்விட்டது. செல்போன் வாங்கியிருக்கிறேன். வாங்கிய நாளிலிருந்து நிம்மதி போயிற்று. எங்கே ஒளிந்தாலும் யாராவது "இன்னும் ரெடியாவலையா" என்கிறார்கள்.

மல்லிகா நன்றாக இருக்கிறாள். அப்படித்தான் அவள் சொல்கிறாள். பட்டறையில் சாமான் அலமாரியை இப்போது அவள்தான் பார்க்கிறாள். எந்த போல்ட்டு எந்த டப்பாவில் என்று உன்னைவிட நன்றாகத் தெரியும். நீ உட்காரும் ஸ்டூலில் மட்டும் உட்கார மாட்டாள், நின்றுகொண்டே இருப்பாள்.

நான் களைத்துப் போய்விட்டேன், தணிகா. உன்னோடு சண்டை போடக்கூடத் தெம்பில்லாமல்தான் இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். விஷயம் வேறொன்றுமில்லை, கயிறு இழுக்கிற அந்த விஞ்ச்.

நமக்குச் சோறு போட்டது போர் வண்டிகள். எண்பதுகளின் கடைசியில் இந்த ரோட்டில் தகரம் போட்டு உட்கார்ந்தபோதே வேலையைப் பிரித்துக்கொண்டோம். இரும்பு என் பக்கம், எண்ணெய் உன் பக்கம். தண்டு, உருளை, சட்டம், வெல்டிங் என்றால் நான். பம்ப், வால்வு, ஹோஸ் என்றால் நீ. ஒருத்தன் வேலையில் இன்னொருத்தன் மூக்கை நுழைப்பதில்லை. அதை நாம் பெரிய ஒழுக்கமாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் ஒரு நாள் சென்னையிலிருந்து வின்சென்ட் சார் வந்து இறங்கினார். நல்ல உடம்பு, வாய் நிறையச் சிரிப்பு. பெரிய துணியை விரித்து, அதன் கயிறுகளில் தொங்கிக்கொண்டு ஆகாயத்தில் போகிற பாராகிளைடிங் பைத்தியம் அவருக்கு. நம் மலையைப் பார்த்ததும் மனிதருக்குக் கை பரபரத்துவிட்டது. உச்சியிலிருந்து குதித்துப் பறந்தால் எப்படியிருக்கும் என்று டீக்கடையில் வைத்து, நாலு பேர் காதில் விழும்படி சொல்லிவிட்டார். நீதான் அவரை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாய்.

"சார், அது மலை இல்ல, சாமி. சாமி தலை மேல ஏறி நின்னு குதிக்கறேன்னு சொன்னா எங்க ஊர்ல உங்கள பறக்க உடமாட்டாங்க. ஓடத்தான் உடுவாங்க."

குதிக்க மலை இல்லையென்றால் சமதரையிலிருந்து மேலே போக வேண்டும். அதற்குத்தான் விஞ்ச். செங்கம் ரோட்டுப் பக்கம் காய்ந்து கிடந்த ஏரியை வின்சென்ட் சார் பார்த்து வைத்தார். ஏரியின் ஒரு கோடியில் ஜீப், அதன் முதுகில் ஒரு உருளை. மறுகோடியில் துணியைக் கட்டிக்கொண்டு ஆள். உருளை சுற்றினால் கயிறு இழுக்கும், ஆள் நாலடி ஓடுவார், அப்புறம் பட்டம் மாதிரி ஏறிவிடுவார். உயரம் போதும் என்றானதும் கொக்கியைக் கழற்றிவிட்டுத் தன் பாட்டுக்குப் பறப்பார். வெளிநாட்டு மெஷின் கிடைக்க வழியில்லாததால் நம்மிடம் வந்தார். போர் வண்டிக்கு எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிறவர்களால் இதையும் செய்ய முடியும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

நான் முதலில் "முடியாது, உயிர் சமாச்சாரம்" என்றுதான் சொல்ல நினைத்தேன். அவர் இரண்டு தரம் கேட்டதும் "பாக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

ஆனால் செய்யத் தொடங்கியபின் நீதான் என்னைத் தலையால் தண்ணீர் குடிக்க வைத்தாய். உருளையைக் கடைந்து, தேய்த்து, பளபளவென்று கொண்டுவந்து வைத்தால் நீ பழைய பருத்தி வேட்டித் துணியை எடுத்து அதன் மேலெல்லாம் தடவுவாய். ஒரு இழை எங்காவது மாட்டினால் போதும். "வேட்டி மாட்டினா கயிறும் மாட்டும் மச்சான், மறுபடி கொண்டு போ." எத்தனை தடவை திருப்பியனுப்பினாய் என்று நான் எண்ணவில்லை, எண்ணியிருந்தால் உன்னை அடித்திருப்பேன். கடைசியில் ஒரு நாள் துணி வழுக்கிக்கொண்டு போயிற்று. நீ போய் டீ வாங்கி வந்தாய்.

"இழுக்கறது பெருசில்ல. எப்ப உட்டுத்தரணும்னு மெஷினுக்குத் தெரியணும்" என்பாய். சரிதான். காற்று சட்டென்று தூக்கினால் உருளை கயிற்றை விட்டுக்கொடுக்க வேண்டும். காற்று தளர்ந்தால் தானே சுற்றிக்கொள்ள வேண்டும். ஆள் மேல் விழுகிற இழுப்பு ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. அதற்குத்தான் ஒரு வால்வு. அழுத்தம் அளவைத் தாண்டினால் அது எண்ணெயைத் தொட்டிக்கே திருப்பிவிட்டுவிடும். அந்த வால்வின் தலையில் ஒரு ஸ்க்ரூ. அதைத் திருகினால் அளவு ஏறும், இழுப்பும் ஏறும்.

இங்கே ஒரு தொழில் ரகசியத்தை உடைக்க வேண்டியிருக்கிறது, மன்னித்துக்கொள். போர் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அந்த ஸ்க்ரூவைக் கண்டால் கை சும்மா இருக்காது. பாறை கெட்டியாக இருந்தாலும் திருகுவார்கள், டீசல் மட்டமாக இருந்தாலும் திருகுவார்கள், வீட்டில் சண்டை என்றாலும் திருகுவார்கள். பிறகு ஹோஸ் வெடித்ததென்று நம்மிடம் வருவார்கள். அதனால் நீ ஒரு வழி செய்தாய். சரியான அளவில் ஒரு வால்வைக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டு, வெளியே பார்வைக்கு இன்னொன்று. வெளியே இருப்பதை எவ்வளவு திருகினாலும் உள்ளே இருப்பது அளவை ஏற விடாது. ஓனர் வந்து ஒரு சுற்று சுற்றி, காதை வைத்துக் கேட்டு, "ஆங், இப்ப சூப்பர்" என்று சொல்லிவிட்டுப் போவார். அதற்கு 'சமாதான ஸ்க்ரூ' என்று பேர் வைத்ததும் நீதான். அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லி நாம் எத்தனை மத்தியானம் சிரித்திருப்போம்!

விஞ்சில் நீ வால்வு பூட்டிக்கொண்டிருந்தபோது நான் கேட்டேன். உனக்கு ஞாபகம் இருக்கும்.

"இன்னா மாப்ளே, இதுலயும் சமாதான ஸ்க்ரூ உண்டா?"

"சீ, ஆளு தொங்கப்போறான். இதுல எவனாவது வெளையாடுவானா?"

நான் நம்பினேன். உன் வார்த்தையை நம்பாமல் வேறு யார் வார்த்தையை நம்புவது?

முதல் நாள் பறத்தல் நன்றாகவே நடந்தது. வின்சென்ட் சார் ஏரிக்கு மேலே ஏறினார், மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஓடி வந்தார்கள், மல்லிகா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். ஊரே ஆகாயத்தைப் பார்க்க, நீ ஒருத்தன் மட்டும் குனிந்து அழுத்தம் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாய். "மேல பாருடா" என்றேன். "முள்ளு ஆடல மச்சான்" என்றாய். உன் வாழ்க்கையில் நீ அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் ஒவ்வொரு சீசனுக்கும் வின்சென்ட் சார் வருவார், அவரிடம் வேலை பார்த்த டிரைவர் முனுசாமி ஜீப்பை ஓட்டி விஞ்சைப் பார்த்துக்கொள்வான். அவ்வப்போது இழுப்பு கம்மியாக இருக்கிறது, கனமான ஆள் ஏறமாட்டேன் என்கிறார் என்று சொல்லியனுப்புவார். நீ ஸ்பானரை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போவாய். ஏதோ திருகுவாய். "ஏத்தி உட்டேன் சார், பாருங்க" என்பாய். அவரும் திருப்தியாகிவிடுவார். திரும்பி வந்ததும் "இன்னாடா கோளாறு" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பாய். உண்மைதான், ஒன்றுமேயில்லை.

பிறகு நீ போய்விட்டாய். சாப்பிட்டுவிட்டு நெஞ்சு கரிக்கிறது என்று பெஞ்சில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. உன் சட்டைப் பையிலிருந்த ஸ்பானரை நான்தான் எடுத்தேன், அதை மட்டும் சொல்கிறேன்.

அந்த வருடத்திலிருந்து இழுப்பு கம்மி என்கிற புகார் எனக்கு வர ஆரம்பித்தது. நீ செய்த மாதிரி ஒரு சுற்று சுற்றிவிட்டு வர எனக்குத் தெரியாதே! நான் நிஜமாகவே ரிப்பேர் செய்தேன். எண்ணெயை மாற்றினேன், ஃபில்டரை மாற்றினேன், ஹோஸை மாற்றினேன், கடைசியில் பம்பையே மாற்றினேன். முள் மட்டும் போன இடத்திலேயே போய் நின்றது. எண்ணெய் சூடாக இருந்தாலும் அதே இடம், ஆறினாலும் அதே இடம். ஒவ்வொரு தரமும் வெயிலில் ஏரிக்கு நடந்து, ஜீப்புக்கு அடியில் படுத்து, எழுந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றால் வின்சென்ட் சார் பெருமூச்சு விட்டுச் சொல்வார்: "தணிகா இருந்தா அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணியிருப்பார்."

அதைக் கேட்டுக் கேட்டுத்தான் தணிகா நான் களைத்தேன். வேலையால் இல்லை.

என்னால் சரி செய்ய முடியாததை முனுசாமி சரி செய்துவிட்டான். உருளையை நிறுத்த நான் ஒரு பிரேக் போட்டிருந்தேனே, கயிற்றை உருவும்போது தறிகெட்டுச் சுற்றாமல் இருப்பதற்காக? அதைச் சோதிக்க நீ உருளையில் கட்டின சங்கிலியில் தொங்கிப் பார்த்து, "யானையக்கூட நிறுத்தும்" என்று சொன்னாயே, அதே பிரேக். ஆள் ஏறாமல் தவிக்கும்போது முனுசாமி அதை மிதித்து உருளையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ஜீப்பை முன்னால் நகர்த்தினான். வால்வாவது ஒன்றாவது? கயிற்றை இப்போது ஜீப்பே இழுத்தது. கனமான ஆளெல்லாம் ஏறினார்கள். "முனுசாமி கையில ஒரு வித்தை இருக்கு" என்று எல்லாரும் அவனைப் பாராட்டினார்கள்.

போளூர்ப் பக்கத்து டீச்சர் ஒருத்தி, சின்ன வயசு, ஆசையாகப் பறக்க வந்தாள். அன்றைக்குக் காற்று குறைச்சல். முனுசாமி மிதித்தான், ஜீப்பை எடுத்தான், அதே நேரம் எங்கிருந்தோ ஒரு காற்று வந்து துணியைத் தூக்கியது. கயிறு உன் வால்வின் கையில் இருந்திருந்தால் அது விட்டுக்கொடுத்திருக்கும். என் பிரேக் விட்டுக்கொடுக்கவில்லை. இழுப்பு எல்லை மீறினால் முதலில் அறுந்துபோகட்டும் என்று கயிற்றுக்கும் ஆளுக்கும் நடுவே ஒரு மெல்லிய நூல் கட்டுவார்கள். அது அறுந்தது. மாடி உயரத்திலிருந்து அவள் ஊஞ்சல் மாதிரி முன்னால் வீசப்பட்டு காய்ந்த ஏரித் தரையில் வந்து விழுந்தாள். கால் முறிந்துவிட்டது.

நான் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நல்ல பெண். அழவில்லை, கோபிக்கவில்லை. "மெஷின் ரிப்பேருங்களா அண்ணே?" என்று மட்டும் கேட்டாள். ரிப்பேர் என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா? சாத்துக்குடியை வைத்துவிட்டு வந்துவிட்டேன். இப்போது நடக்கிறாள், பள்ளிக்கூடம் போகிறாள், நடையில் கொஞ்சம் விந்தல் இருக்கிறது.

ஜீப் பட்டறைக்கு வந்தது. இந்த முறை எண்ணெய் முழுவதையும் வடித்துவிட்டு, தொட்டியின் மூடியைக் கழற்றி, நீ ஒரு நாளும் என்னை விடாத இடத்துக்குள் கையை விட்டேன். ஃபில்டருக்குப் பின்னால், குழாய் வளைகிற மூலையில், விரலுக்கு ஒரு வால்வு தட்டுப்பட்டது. டார்ச் அடித்துப் பார்த்தேன். பூட்டு நட்டின் மேல் சிவப்பாக ஒரு கோடு.

நட்டு அசைந்தால் தெரியட்டும் என்று நீ அளவு வைத்த எல்லா இடத்திலும் நெயில் பாலீஷால் ஒரு கோடு இழுப்பாய். உன் கோடு எனக்குத் தெரியாதா? கடைசியில் கொஞ்சம் இடது பக்கம் வளையும்.

மல்லிகாவைக் கூப்பிட்டேன். அவள் குனிந்து பார்த்தாள்.

"இது என் பாலீஷ்ணா. கல்யாண நாளுக்கு வாங்கினது. காணோம்னு வீட்டையே பொரட்டிப் போட்டேன். கேட்டா, பெருச்சாளி தூக்கினு போயிருக்கும்னாரு." அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். நீ போன அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. தொட்டியை எட்டி உதைத்தேன், கால்தான் வலித்தது. "எங்கிட்ட ஏன் சொல்லல? ஊர்க்காரன்கிட்ட மறைக்கலாம், ஓனர்கிட்ட மறைக்கலாம். நான் யாரு?" என்று அவளிடம் கத்தினேன். அவள் மூக்கைச் சிந்திவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"உன்கிட்ட எப்டிண்ணா சொல்லுவாரு? ரெண்டு தரம் கெஞ்சினா நீ குடுத்துடுவே. வின்சென்ட் சாரு மூணு தரம் கெஞ்சற ஆளு. அவருக்குத் தெரியாதா?"

நான் டார்ச்சை அணைத்தேன்.

இதைத்தான் உன்னிடம் கேட்க வேண்டும் என்று இருந்தேன். அவ்வளவு தெரிந்தவன், இது உனக்கு ஏன் தெரியாமல் போயிற்று? போர் வண்டியில் நீ ஒளித்து வைத்தால் ஒரு ஹோஸ் மிஞ்சும், அவ்வளவுதான். இங்கே மெஷினை ஓட்டுகிறவன் தினமும் ஒரு ஆளை அந்தக் கயிற்றில் தொங்கவிடுகிறான். ஏன் ஏறவில்லை என்று அவனுக்குத் தெரியாவிட்டால் அவன் சும்மா இருப்பானா? வேறு வழி தேடுவான். நீ வாசலை மூடினாய், அவன் கொல்லைப்பக்கமாகப் போனான். கொல்லைக்கதவைச் செய்தவன் நான். வாசல் மூடியிருப்பது எனக்கே தெரியாது.

யோசித்துப் பார்க்கிறேன். உன் வால்வு நல்ல வேலை. இத்தனை வருடத்தில் முள் ஒரு மயிரிழை நகரவில்லை. என் பிரேக்கும் நல்ல வேலை. இரண்டும் ஒன்றையொன்று அறியாமல் இருந்ததுதான் கோளாறு. பட்டறையில் நம் இரண்டு பேரைப் போலவே.

வின்சென்ட் சார் வந்தார். மூடியைத் திறந்து காட்டினேன். குனிந்து அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை, டீச்சரின் வைத்தியத்தை முழுசாக அவர்தான் பார்த்துக்கொண்டார். ஆனால் பறக்கிற பைத்தியம் விடாதே!

"அத கழட்டிடுங்க பரசு. உள்ள இருக்கறது வேணாம். வெளிய இருக்கறத நானே பாத்து வெச்சுக்கறேன்."

"வேணாம் சார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மறுநாளும் வந்தார். "ஒரு காலேஜ் மொத்தமா வருது. இந்த ஒரு சீசனுக்கு மட்டும். முனுசாமிய பிரேக் பக்கமே போக வேணாம்னு சொல்லிட்டேன். என் கஷ்டம் உங்களுக்குத் தெரியாதா பரசு?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். என் வாயில் 'சரி சார்' வந்துவிட்டது, தணிகா. நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்துவிட்டது. மல்லிகா அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டு வாஷர்களைப் பிரிப்பது போல பாவனை செய்துகொண்டிருந்தாள், ஒன்றையும் பிரிக்கவில்லை.

"முடியாது சார்" என்றேன். சத்தமாகவே வந்துவிட்டது.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "தணிகா இருந்திருந்தா எனக்கு இல்லன்னு சொல்லியிருக்க மாட்டார்."

"சொல்லியிருக்க மாட்டான் சார். அதனாலதான் உள்ள ஒளிச்சு வெச்சான். எனக்கு ஒளிக்கத் தெரியாது. அதனால நேரா சொல்றேன்."

அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். ஜீப்பை மட்டும் எடுத்துப் போகவில்லை. எடுத்துப் போயிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். ரோட்டில் படுத்திருப்பேனா? முட்டி மடங்கியிருக்காது.

உன் வால்வைத் தொட்டிக்குள்ளிருந்து எடுத்து, அளவை மாற்றாமல், முள்ளுக்குப் பக்கத்தில் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்தேன். யாராவது திருகினால் தெரியும்படி கம்பி போட்டு முறுக்கி ஈய முத்திரை வைத்தேன். சமாதான ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையை அடைத்தேன். பிரேக்கையும் பிரித்துப் போட்டேன். ஸ்பிரிங் சுருள் வைத்து, பிடி ஓர் அளவுக்கு மேல் போனால் தானே வழுக்கிவிடும்படி மாற்றினேன். எவ்வளவு கெட்டியாகப் பிடிக்கும் என்பதற்காக ஒரு காலத்தில் பெருமைப்பட்டவன், எப்போது வழுக்கும் என்பதற்காக நாலு நாள் மாரடித்தேன். பக்கத்திலேயே ஒரு தகடு வைத்து மல்லிகா பெயின்ட்டில் எழுதினாள்: 'இதுக்கு மேல் இழுக்காது. காற்று வரட்டும்.'

முனுசாமியைக் கூப்பிட்டு, மூடியைத் திறந்து வைத்தபடியே எல்லாவற்றையும் காட்டினேன். எது எங்கே போகிறது, எது எப்போது விட்டுக்கொடுக்கும், ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும். டீச்சர் விழுந்ததிலிருந்து அவன் யாருடனும் சரியாகப் பேசுவதில்லை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒன்று சொன்னான். அதை உனக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன்.

"இத்த மொதல்லயே சொல்லியிருந்தா நான் இன்னாத்துக்குண்ணே பிரேக்க மெதிக்கப் போறேன்?"

உன்னிடம் பதில் இருக்கிறதா, தணிகா?

வின்சென்ட் சார் ஒரு வாரம் முறுக்கிக்கொண்டு இருந்துவிட்டு வந்தார். "முதல்ல நான்தான் போவேன்" என்று மட்டும் சொன்னார். ஏரிக்குப் போனோம். மல்லிகாவும் வந்தாள். காற்று சுத்தமாக இல்லை, மரத்தில் ஓர் இலை அசையவில்லை. சார் துணியைக் கட்டிக்கொண்டு கையை ஆட்டினார். உருளை சுற்றியது, கயிறு விறைத்தது, மனிதர் ஓடினார், ஓடினார், ஓடிக்கொண்டே இருந்தார். கால் தரையைவிட்டு எழும்பவில்லை. கையை மேலே மேலே ஆட்டினார், இன்னும் இழு என்று. வாக்கி டாக்கியில் கத்தினார்.

முனுசாமி தன் முதலாளிக்குப் பதில் சொன்னான். நான் பக்கத்தில்தான் நின்றேன். "இதுக்கு மேல கெடையாது சார். காத்து வந்தா சொல்றேன், அது வரிக்கும் குந்துங்க."

சொல்லிவிட்டு நெம்புகோலை விட்டு இறங்கி, ஜீப் நிழலில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தான். பிரேக் பக்கம் அவன் கால் போகவேயில்லை.

எல்லாரும் காத்திருந்தோம். மல்லிகா கொண்டுவந்த வேர்க்கடலையைத் தின்றோம். சார் துணியைக் கழற்றாமலே வரப்பில் உட்கார்ந்து முதலில் முனுசாமியைத் திட்டினார், அப்புறம் என்னைத் திட்டினார், உன்னையும் கொஞ்சம் திட்டினார், அப்புறம் கடலை கேட்டார். வெயில் தாழ்ந்தபோது மலைப்பக்கமிருந்து காற்று வந்தது. சார் நாலடிதான் ஓடினார். ஏறிவிட்டார்.

எல்லாரும் மேலே பார்த்தார்கள். நான் முள்ளைப் பார்த்தேன். ஆடவில்லை, மாப்ளே.

கழற்றிய சமாதான ஸ்க்ரூ இங்கே மேஜை மேல் இருக்கிறது. போர் வண்டிக்காரர்களிடமும் இனிமேல் திறந்து காட்டித்தான் வேலை செய்கிறேன். பாதிப் பேர் கோபித்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள். போகட்டும். மிச்சப் பேர் வந்து நின்று மூக்கைச் சொறிந்துகொண்டு பார்க்கிறார்கள். விஞ்சின் நட்டு மேல் புதுக் கோடு இழுத்தது மல்லிகா. உன்னதைவிட நேராக இருக்கிறது.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். இந்தப் பட்டறையிலிருந்து போகிற எந்த மெஷினிலும், அதை ஓட்டுகிறவனுக்குத் தெரியாத ஒரு ஸ்க்ரூ இனி இருக்காது. உன் அளவை யார் கெஞ்சினாலும் ஏற்ற மாட்டேன், மூன்று தரம் கெஞ்சினாலும். களைப்பு அது பாட்டுக்கு இருக்கட்டும்.

எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன், ஒன்றைத் தவிர. நான் 'முடியாது' என்று சொன்ன அன்றைக்கு நீ பட்டறையில் இல்லை. உன் ஸ்டூல் காலியாக இருந்தது. நான் அப்படிச் சொல்வதை ஒரே ஒரு தரம் நீ காதால் கேட்டிருக்கலாம், தணிகா. கேட்டிருந்தால் என்னிடம் அதை ஒளித்திருக்க மாட்டாய்.

இனி நீ எதையும் ஒளிக்கத் தேவையில்லாத,
உன் மச்சான்
பரசுராமன்